முப்பத்திரண்டாயிரத்துக்கு அப்பால்

32771-க்கு மீதி பூஜ்யம் இல்லை என்று திரையில் வரி விழுந்ததும் செண்பகவல்லி மூச்சை விட்டாள். அடுத்தது 32779. அதற்கும் இல்லை. அதற்கடுத்தது வர இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் அவள் போன வருஷமே சோதித்து, அட்டவணையில் ஏற்றி, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் சேர்த்து, அதை வைத்து மதுரையில் ஒரு கருத்தரங்கில் பேசிக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டது. ஆனால் சோதிக்கவே இல்லை. யாருமே சோதித்ததில்லை. இப்போதுதான், பல்கலைக்கழகக் கணிதத் துறையின் இந்த லேபில், இறக்கை ஒன்று வளைந்து டக் டக்கென்று தட்டும் இந்த மின்விசிறிக்குக் கீழே, முதல் தடவையாக அந்த எண் அந்த எண்ணாகவே உள்ளே போய் வகுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹலோ, ஹலோ என்று யாரோ திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பதில் எதிர்பார்க்காத ஹலோ. அவளுடைய கைடு தேவசகாயம் சாருக்கு இன்று பணி நிறைவு விழா. இன்றைக்குள் அவர் அவளுடைய ஆய்வேட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நாளையிலிருந்து அவர் கையெழுத்து செல்லாது. வேறு கைடுக்கு மாற்றுவார்கள், அவர் அவருக்குப் பிடித்த விஷயத்தில் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார், அவளுக்கு அனுமதித்த காலம் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கித் தீர்ந்துபோய்விட்டது. அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் பட்டம் இல்லாதவர்களை ஜூனுக்கு மேல் வைத்துக்கொள்வதாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்றாகக் கயிறு கட்டி நிற்கிறது. முன்னால் நிற்பது ஒரு பூஜ்யம், வரலாம், வராமல் இருக்கலாம்.

வருவது அவள் கையில் இல்லை. சாரின் வரிசை அப்படிப்பட்டது. ஒரு எண்ணில் தொடங்கிப் பெருக்கி, பாதியாக்கி, பாதியாக்கும்போது மிச்சம் விழுந்தால் அதைத் தள்ளிவிட்டு, மறுபடி பெருக்கிப் போய்க்கொண்டே இருப்பது. போகப்போக ஒவ்வொரு எண்ணும் பக்கம் பக்கமாக நீளும். அதில் எந்தப் பகா எண்ணை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; வரிசையில் அத்தனையாவது இடத்தில் நிற்கிற எண்ணை அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி ஒருபோதும் பூஜ்யமாக வராது. சார் வாலிபத்தில் சொன்னது இதுதான். ஏன் வராது என்று யாருக்கும் நிரூபிக்கத் தெரியவில்லை, சாருக்கும் தெரியவில்லை, ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் வரவில்லை. துறையில் அவற்றுக்கு ‘சார் எண்கள்’ என்றே பெயர். முப்பதாயிரம் வரை சார் பார்த்தார். அதற்கு மேல் நாற்பத்தைந்தாயிரம் வரை செண்பகவல்லி பார்த்தாள். வரவே வராது என்று வைத்துக்கொண்டால் வேறு என்னவெல்லாம் கிடைக்கும் என்று மூன்று அத்தியாயம் எழுதினாள். ஒரே ஒரு இடத்தில் வந்துவிட்டால் மூன்றும் இல்லை, நான்காவதும் இல்லை, சாரும் இல்லை. 32783, இல்லை. 32789, இல்லை. இப்படியே போகட்டும். இப்படியே நாற்பத்தைந்தாயிரம் வரை போய்விட்டால் அவள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பழைய அட்டவணையே தற்செயலாக உண்மையாகிவிடும். தற்செயலாக உண்மையாவது பொய்யா என்று யோசித்தாள். காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்தபோது உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இன்னொரு முறை போட்டது ஞாபகம் வந்தது. கணவன் குமரேசன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். கையெழுத்து வாங்கப் போகிற நாளில் அவளை எதற்கும் குறை சொல்லக் கூடாது என்று வைத்திருந்தான் போல.

லேபில் பழைய மிஷின்களைத் தூக்கிவிட்டுப் புதியவற்றை வைத்தபோதுதான் இது ஆரம்பித்தது. சாரின் புரோகிராம் அவற்றில் ஏறவில்லை. கம்ப்யூட்டர் சாதாரணமாகப் பிடித்துக்கொள்கிற அளவைத் தாண்டிய எண்களைத் துண்டுதுண்டாக அடுக்கி வைத்துக் கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் தனியாக ஒரு லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு, வேண்டும். சார் எழுதிய காலத்தில் இருந்தது பழைய லைப்ரரி. பிறகு வந்த புதியது எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும், வேகமும் பல மடங்கு. அது நெடுநாள் மரியாதைக்காகப் பழைய கட்டளைகளையும் அதே பெயரில் ஏற்றுக்கொண்டது, அதனால் சாரின் புரோகிராமும் தூசு தட்டாமலே ஓடிற்று. இப்போதைய பதிப்பில் அந்தப் பழைய கட்டளைகளை எடுத்துவிட்டார்கள். துறையில் ஒரு வழக்கம் உண்டு. சாரின் புரோகிராமில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தொடங்கும் எண், முடியும் எண், இந்த இரண்டை மட்டும் மாற்றி ஓட்டுவார்கள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவளும் அப்படித்தான் செய்தாள், கோயிலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் கை வைத்தாள். ஒவ்வொரு பழைய கட்டளையாக எடுத்து, அது என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்று படித்து, பக்கத்தில் புதியதை எழுதினாள். வகுக்கிற கட்டளைக்கு வந்தபோது, பழைய கையேட்டில், வகுக்கும் எண் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு சின்னச் சொல் இருந்தது. சின்ன எண். அதாவது 32767 வரை. அதற்கு மேல் கொடுத்தால் அது மறுக்காது. மறுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை எச்சரிக்கைகூடத் தராது. தன் அறையில் கொள்ளாததை விட்டுவிட்டு, கொண்டதை வேறு ஒரு எண்ணாக, அதுவும் கழித்தல் குறியோடு, எடுத்துக்கொண்டு, அதனால் வகுத்து, இல்லை, பூஜ்யம் இல்லை என்று பணிவாகச் சொல்லிவிடும். அவள் கேட்டது ஒன்று, அது பதில் சொன்னது இன்னொன்றுக்கு. போன வருஷம் முழுக்க. சார் முப்பதாயிரத்தில் நின்றுகொண்டார், அதனால் சார் பார்த்தது சரி. அவளுடையது என்று இந்த ஆய்வேட்டில் எது உண்டோ சரியாக அது மட்டும் தப்பு. இதைப் படித்த அன்று அவள் நாற்காலியை விட்டு எழுந்து, லேபின் வாஷ்பேசினில் முகம் கழுவி, துடைக்க எதுவும் இல்லாமல் ஈர முகத்தோடு நின்றாள். அழுததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று சிரித்த முகமாக நின்றாள்.

பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தில் பெயரெழுதக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். இனிஷியலும் ஊர்ப்பெயரும் சேர்த்து எழுதிய வாத்தியார் கட்டம் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ஹால் டிக்கெட்டில் அவள் செண்பகவல் என்று வந்தாள். அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டார். இதுல என்ன இருக்கு, எல்லாருக்கும் புரியும்லா என்றார்கள். அப்பாவும் சரி என்று வந்துவிட்டார். அதன் பிறகு மார்க் ஷீட், கல்லூரி, வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் அதே. பள்ளியில் பசங்கள் செண்பகவல், காவல், ஆவல் என்று பாட்டுப் பாடினார்கள். கோவில்பட்டியில் அந்தப் பெயரில் அம்மனே இருக்கிறாள், அவளை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா? கல்யாணப் பத்திரிகையில்தான் மறுபடி முழுப் பெயரும் வந்தது. ஒரு கவுன்டரில் பேரு முழுசா இல்லையேம்மா என்று கேட்ட பெண்ணிடம், இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி அவ்வளவுதான் ஆகிவிடுகிறது. 33461, இல்லை. 33469, இல்லை. ஆனால் பெயர் வெட்டுப்பட்டால் ஆள் இருக்கிறாள். ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து எழுதியது அவள்தான். எண் வெட்டுப்பட்டால் உள்ளே போவது வேறு ஆள். வேறு ஆள் போய் உட்கார்ந்து அவள் பெயரில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி. அதுவும் பாஸ்.

கதவு திறந்து பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். லேப் அவர் பொறுப்பில். கையில் வடைப் பொட்டலம். “இன்னுமா ஓட்டுத? கீழ எல்லாரும் வந்தாச்சு. துணைவேந்தர் வருவாவளா மாட்டாவளான்னு ஒரே அடிதடி. நாற்காலிய முன்னால போடுதாவ, பின்னால இழுக்காவ.” முடியட்டும் அண்ணாச்சி என்றாள். “இது முடியதுக்குள்ள எனக்கும் ரிட்டயர்மென்ட் வந்துரும். சாருக்கு வாங்குன மாலையப் பாத்தியா? மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டுப் பெருசாப் போட மாட்டாவ. போட்டாச்சுன்னா மூக்குக் கண்ணாடி மட்டுந்தான் வெளிய தெரியும்.” அவள் சிரித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வடையை வாங்கி மேஜையில் வைத்தாள், எண்ணெய் தாளில் பரவுவதைப் பார்த்தாள். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, இது புதுசுலயா ஓடுது என்று கேட்டார். ஆமா. “எதுக்கு மெனக்கெடுத? மாடியில பழைய மிஷின் ஒண்ணே ஒண்ணு கெடக்கு. சாருக்காகத்தான் வச்சிருக்கேன். அதுல சார் புரோகிராம் கண்ண மூடிக்கிட்டு ஓடும்.” கண்ணை மூடிக்கொண்டுதான் ஓடிற்று என்று அவள் சொல்லவில்லை. வேணும்னா சொல்லுதேன் அண்ணாச்சி என்றாள். அவர் போன பிறகு அந்த வேணும்னா மட்டும் அறையில் நின்றது. ஏன் அப்படிச் சொன்னாள்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய மிஷினில் பழைய லைப்ரரியில் ஓட்டினால் ஆய்வேட்டில் உள்ளபடியே வரும், எழுத்து மாறாமல் வரும். பரிசோதிக்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள், ஓட்டிப் பார்த்தாலும் சாரின் புரோகிராமைத்தான் கேட்டு வாங்கி ஓட்டுவார்கள், தொடங்கும் எண்ணையும் முடியும் எண்ணையும் மட்டும் மாற்றி. அவளைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்பதும் யாருக்கும் தெரியாது.

போன் அதிர்ந்தது. குமரேசன். மின்வாரிய அலுவலகத்தில் அவனைச் சுற்றி யாரோ பில்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “வாங்கிட்டியா?” இன்னும் இல்ல. “ஏன், சார் வரலையா?” வந்திருப்பாவ, கீழ இருக்காவ. “ஏ செண்பகம், மாலை மரியாதைன்னு ஆரம்பிச்சாச்சுன்னா பெறவு கூட்டத்துல புகுந்து வாங்க முடியாது பாத்துக்கோ. சார் கைய விட்டுப் போயிட்டாருன்னா பெறவு நம்மள யாரு சீந்துவா?” தெரியும். “ஏதாவது பிரச்சனையா?” இல்ல. “குரல் ஒரு மாதிரி இருக்கு.” ஃபேன் சத்தம். “சரி. சாயங்காலம் அல்வா வாங்கிட்டு வாரேன். சும்மா, நமக்குத்தான். முடிஞ்சிரும்லா?” முடிஞ்சிரும் என்றாள். எது என்று அவன் கேட்கவில்லை. அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் புரிந்துகொள்வான், புரிந்துகொண்டு, அப்ப நாப்பத்தஞ்சுன்னு போடாம முப்பத்திரண்டுன்னு போட்டுக் கொடுத்துட்டா என்ன என்று கேட்பான். நியாயமான கேள்வி. அப்படிப் போட்டால் அவள் சாரைத் தாண்டிப் போன தூரம் எட்டி வைத்தால் இரண்டடி. அதற்கு யார் பட்டம் கொடுப்பார்கள்? அதைவிட, முப்பத்திரண்டாயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறவளுக்கு அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அவளோ இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வடையில் ஒரு விள்ளல் எடுத்தாள். வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள். 35117, இல்லை.

தன் பெயர்க்காரியான கோவில்பட்டி அம்மனிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. என்னவென்று வேண்டுவது? நடக்கப் போவதை மாற்றித் தா என்று கேட்கலாம். பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, மழைக்குக் கேட்கலாம். இது நடக்கப் போவது இல்லை. அந்த எண்ணை அந்த எண்ணால் வகுத்தால் வருகிற மீதி, அவள் பிறப்பதற்கு முன்னால், சார் பிறப்பதற்கு முன்னால், அம்மனுக்குக் கோயில் கட்டுவதற்கும் முன்னால் அதுவேதான். அம்மனே நினைத்தாலும் ஒன்றைக் கூட்ட முடியாது, ஒன்றைக் குறைக்க முடியாது. ஆகிப்போனது ஒன்று இன்னும் தெரியவரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இந்த நெஞ்சு எதற்கு அடித்துக்கொள்கிறது? பயப்படுவதற்கு ஒரு சந்து வேண்டும், அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகலாம் என்று இருக்க வேண்டும். இதில் சந்தே இல்லை. இருந்தும் ஒவ்வொரு வரிக்கும் அவள் நாற்காலியின் நுனிக்கு வருகிறாள். மகன் கவின் பிறந்தபோது சார் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். தொட்டிலைப் பார்த்தார், நல்லாருக்கான் என்றார், கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்தார், பிறகு தாங்க முடியாமல், எத்தனை வரைக்கும் போயிருக்கு என்று கேட்டார். அவள் அம்மாவுக்கு அது பிள்ளையின் எடையைக் கேட்கிறார் என்று தோன்றி, மூணே கால் கிலோ சார் என்றாள். சார் அதற்கும் தலையாட்டினார். வீட்டில் எல்லாரும் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அப்போது உண்மையில் எத்தனை வரை போயிருந்தது? முப்பத்தாறாயிரம். முப்பத்தாறாயிரம் வரை வரலை சார் என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னாள், அவர் முகம் மலர்ந்தது. அந்த முப்பத்தாறாயிரம் அவள் போய்ச் சேர்ந்த எண்ணே இல்லை என்று இப்போது ஆகிவிட்டது. அந்த மலர்ச்சி மட்டும் நிஜம்.

கீழே யாரோ மைக்கில் தொடங்கிவிட்டு நிறுத்தினார்கள். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து மேஜைக்கு இறங்கியிருந்தது. எண்கள் நீள நீள வரிகள் மெதுவாக வந்தன. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் கண்ணை மூடி, மின்விசிறியின் தட்டலை எண்ணாமல் இருக்கப் பழகினாள். கண்ணைத் திறந்தபோது மூன்று வரிகள் கூடியிருந்தன. நடு வரியின் கடைசியில் மற்ற வரிகளில் இருந்த நீளம் இல்லை. மற்றவற்றில் எண்கள் இருந்த இடத்தில் ஒற்றை இலக்கம் நின்றது. 38183, மீதி 0. அவள் முதலில் நினைத்தது திரையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. விரலால் தொட்டாள், வடை எண்ணெய் பட்டு அந்த இடம் மினுங்கியது. பூஜ்யம் வந்தால் நிற்க வேண்டும் என்று அவள் புரோகிராமில் எழுதவில்லை. வராது என்று தெரிந்த ஒன்றுக்கு எதற்கு எழுதுவது? சாரும் எழுதியிருக்கவில்லை. அதனால் அது நிற்கவில்லை, 38189-க்குப் போயிற்று, இல்லை என்றது, அடுத்ததற்குப் போயிற்று, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒவ்வொரு புது வரிக்கும் அந்த வரி ஒரு படி மேலே ஏறியது. அப்படியே ஏறித் திரையின் மேல்விளிம்புக்கு அப்பால் போய்விடும். போனால் பார்த்தவர் யார்? அவள் திரையிலேயே இன்னொரு ஜன்னலைத் திறந்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஓட்டினாள். பூஜ்யம். வகுக்கும் கட்டளையே இல்லாமல் வேறு வழியாகக் கழித்துக் கழித்துப் பார்த்தாள். பூஜ்யம். பழைய லைப்ரரி இதற்குப் பதில் எதை எடுத்திருக்கும் என்று தாளில் கணக்குப் போட்டாள். கழித்தல் இருபத்தேழாயிரத்து முன்னூற்று ஐம்பத்து மூன்று. அதனால் வகுத்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறது. அது சொன்னதும் உண்மைதான், அதற்குத் தெரிந்த வரைக்கும். இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு அடுத்த பஸ் எப்போது என்று தெரியாமல் நிற்கும்போது வருமே, அந்தச் சோம்பல் மாதிரி ஒன்று வந்தது.

சார் உள்ளே வந்தார். புதுச் சட்டை, பெட்டியில் இருந்த மடிப்பு நெஞ்சில் நெடுக்காகவும் குறுக்காகவும் அப்படியே நின்றது. “ஏம்மா செண்பகம், தாளைக் கொண்டான்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சு. மாலையைப் போட்டாச்சுன்னா பெறவு குனிய முடியாது போலிருக்கு, பாத்தேன், யானைக்குப் போடலாம்.” பேனாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் உட்கார்ந்தபடியே நாற்காலியைப் பக்கவாட்டில் தள்ளி அவருக்கு இடம் விட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். வரி அதற்குள் பாதித் திரைக்கு மேலே போயிருந்தது. அவருடைய கண் கீழிருந்து மேலே போவதை அவள் பார்த்தாள். போய் நின்ற இடத்தையும் பார்த்தாள்.

“இது என்னது?”

“முப்பத்தெட்டாயிரத்து நூத்தி எண்பத்து மூணு சார்.”

“அது தெரியுது.” திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார். “பழசுல வரலையே.”

“பழசுல இந்த எண் உள்ளயே போகல சார். முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல எதுவுமே போகாது. வேற எண்ணை வச்சு வகுத்திருக்கு.”

“நான் போட்டது?”

“நீங்க போட்டது சரி சார். முப்பதாயிரம் வரைக்கும் புதுசுலயும் ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுகூட மாறல.”

“திரும்ப ஓட்டிப் பாத்தியா இத?”

“ரெண்டு தடவ. வேற வழியிலயும்.”

அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் மின்விசிறியைப் பார்த்தார். “முப்பதாயிரத்தோட ஏன் நிறுத்துனேன் தெரியுமா?”

“ஏன் சார்?”

“கரன்ட் போயிட்டு.” சிரித்தார், சத்தம் வரவில்லை. “போதும், அழகான எண்ணா இருக்குன்னு விட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருக்காது. அதுவும் பழசுலதான ஓட்டியிருப்பேன்.” பேனாவின் மூடியைத் திருகினார், மறுபடி கழற்றினார். ஜன்னலைப் பார்த்தபடி, “மாடியில ஒரு மிஷின் இருக்குன்னு பேச்சிமுத்து சொல்லிக்கிட்டிருந்தான்” என்றார். “அதுல ஓட்டுனா நீ எழுதியிருக்கிறபடியேதான வரும்.”

“ஆமா சார்.”

“உனக்குத்தான் இன்னிக்கு விட்டா ஆகாது. எனக்கு என்ன, நான் வீட்டுக்குப் போறவன்.” அவர் அவளிடம் திரும்பினார். “நீ சொல்லு. என்ன செய்யலாம்?”

அவர் அப்படி அவளிடம் கேட்டதில்லை. செய் என்பார், பார் என்பார், விடு என்பார். கேட்கிற குரல் அவருக்கு இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிறவர் மாதிரி, இருந்தால் கொடு இல்லாவிட்டால் பரவாயில்லை என்பது மாதிரி. அவர் கேட்பது அவளுக்காகவா, தனக்காகவா? இரண்டும் ஒன்றாகிவிட்ட இடத்தில் நின்று கேட்கிறார். சரி சார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணாச்சி மாடி ஏறுவார், குமரேசன் அல்வாவோடு வருவான், ஜூன் வரும், போகும். அந்த வரி திரையின் உச்சிக்கு இன்னும் சில வரிகளே கீழே இருந்தது. அவள் யாருக்கும் விரோதமில்லாத ஒரு வார்த்தையைத் தேடினாள். புதிய லைப்ரரிக்குப் பழைய கட்டளைகளைக் கைவிடுவதில் ஒரு கோபமும் இருந்திருக்காது, யாரோ ஒருவர் உட்கார்ந்து, இனி இது வேண்டாம் என்று எடுத்திருப்பார், அவ்வளவுதான். அவளுக்கும் கோபம் இல்லை. தைரியமும் இல்லை. தெரிந்துவிட்டது, அது ஒன்றுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“புதுசே இருக்கட்டும் சார்.”

அவர் தலையாட்டினார், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டியது மாதிரி. “அப்ப அந்தக் கையெழுத்துத் தாளு?”

“வேண்டாம் சார்.”

பேனாவைச் சட்டைப் பையில் போட்டார். முதல் தடவை பையில் விழாமல் வெளியே வழுக்கியது, பிடித்து மறுபடி போட்டார். படியில் பேச்சிமுத்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. “சார், போட்டோக்காரர் குதிக்காரு, வெளிச்சம் போயிருமாம். செண்பகம், நீயும் வாம்மா, சார் ஸ்டூடன்ட் எல்லாரும் பின்னால நிக்கணுமாம்.” வாறோம் வாறோம் என்று சார் உரக்கச் சொன்னார், பழைய குரலில், வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கிற குரலில்.

புல்வெளிக்கு மதியம் தண்ணீர் விட்டிருந்தார்கள். செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் நாற்காலிகள், நடுவில் துறைத் தலைவரின் அறையிலிருந்து கொண்டுவந்த பெரிய மர நாற்காலி. அதில் சாரை உட்கார வைத்து மாலையைப் போட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, எல்லாரும் சிரித்தார்கள், மாலையைக் கொஞ்சம் இறக்கினார்கள். செண்பகவல்லியை யாரோ தோளைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினார்கள், உயரமானவர்கள் ஓரத்துக்குப் போகச் சொன்னார்கள், அவள் சாருக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். மைக்கில் இருந்தவர், போட்டோ முடிகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், நம்ம சார் எண்கள் இருக்கே, இன்னும் ஆயிரம் வருஷம் ஆனாலும் பூஜ்யம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். சார் கும்பிட்டார். மேலே லேபில் அது ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தாமல் வந்துவிட்டாள், அந்த வரி இந்நேரம் உச்சியைத் தாண்டியிருக்கும். இன்னொரு பூஜ்யம்கூட வந்திருக்கலாம், ஒன்று வந்த இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். குமரேசன் இப்போது கடையில் நிற்பான். நாளைக்குக் கவினின் துணிகளைத் துவைக்க வேண்டும். கல்லூரியில் திங்கட்கிழமை முதல் பாடவேளை அவளுக்குத்தான், வகுத்தல் விதிகளில் பாதி மிச்சம் இருக்கிறது. சாரின் பிடரியில் முடி வெட்டிய இடம் புதிதாக வெளுத்திருந்தது. “கண்டிப்பா சொல்லணும் எல்லார்ட்டயும்” என்று அவர் திரும்பாமலே மெல்லச் சொன்னார். “இன்னிக்கு வேண்டாம், என்ன?” சரி சார் என்றாள். எல்லாரும் இங்க பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று போட்டோக்காரர் குனிந்தார். ஈர மண்ணில் மர நாற்காலியின் பின்கால் ஒன்று இறங்கத் தொடங்கியது, சார் லேசாகச் சாய்ந்தார், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். செண்பகவல்லி வலது செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் பின்சட்டத்துக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து அது இறங்காமல் தாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்தாள்.